மாற்றும் முன் அளந்து பார்க்க: பழைய சிறிய காரின் பழுதுகள்

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்ததும் தொடங்கிய சிறிய கார்களின் வரிசை, 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, 1999 இறுதியில் வந்த வேகன் ஆர், 2000இல் வந்த ஆல்ட்டோ என்று நீண்டு, நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்குக் காரைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வண்டிகளும் அவற்றின் வழிவந்தவையும் இன்று இரண்டு, மூன்று கை மாறி, முதல் காரை வாங்குவோரிடமும் ஓட்டக் கற்றுக்கொள்வோரிடமும் சிறுவணிகரிடமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் அமைப்பு எளியது. உதிரிப்பாகம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. இத்தனை வசதி இருந்தும் பழைய கார் வைத்திருப்போரின் பணம் கரைவதற்குக் காரணம், கெட்டுப்போன பாகத்தின் விலையைவிட, அது எது என்று தெரிவதற்கு முன் மாற்றப்பட்ட நல்ல பாகங்களின் விலையே. ‘இதை மாத்திப் பார்ப்போம், சரியாகலன்னா அடுத்ததைப் பார்ப்போம்’ என்பது பட்டறைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. அந்தப் பார்த்தல் முழுவதும் உரிமையாளரின் செலவில் நடக்கிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

பழுதை அறிதல் என்பது அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி. வண்டி கிளம்பவில்லை, சூடேறுகிறது, இழுவை இல்லை, சத்தம் வருகிறது என்பவை அறிகுறிகள். ஒவ்வோர் அறிகுறிக்கும் ஐந்தாறு காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றைப் பிரித்தறியும் சோதனைகள் பெரும்பாலும் செலவில்லாதவை. இதற்கு வேண்டிய கருவிகளும் அதிகமில்லை: மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று, டார்ச் விளக்கு ஒன்று, ஸ்பார்க் பிளக் கழற்றும் சாவி ஒன்று, வண்டியின் கணினியோடு பேசும் சிறிய ஸ்கேனர் ஒன்று. இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது ஆல்ட்டோ வகையின் 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஆனால் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இதே அளவுள்ள எந்தக் காருக்கும் பொருந்தும்.

காலையில் சாவியைத் திருப்பியும் வண்டி கிளம்பாத நிலையில் முதலில் பயன்பட வேண்டிய கருவி காது. சாவியைத் திருப்பும்போது ஒற்றை ‘டக்’ ஒலியோடு நின்றுவிடுகிறதா, எஞ்சின் மெதுவாக இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, நன்றாகவே சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா என்னும் மூன்றும் மூன்று வேறு நோய்கள். முதல் இரண்டும் மின்சாரத்தைச் சேர்ந்தவை. மூன்றாவதில் பேட்டரிக்கு வேலையே இல்லை. இருந்தும் மூன்று நிலையிலும் ‘பேட்டரி போச்சு’ என்ற ஒரே தீர்ப்பு வழங்கப்பட்டுப் புது பேட்டரி விற்கப்படுவது வழக்கமாகிவிட்டது.

பேட்டரியின் நிலையை அறிய, இரவு முழுவதும் ஓய்ந்திருந்த வண்டியில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பார்த்தால் போதும். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழுமையாக நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதி காலி. 12க்குக் கீழே போயிருந்தால் ஏறக்குறைய வெறுமை. அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும்: சுற்றும் நேரத்தில் எண் 9.6க்குக் கீழே சரிந்தால், முழுதும் சார்ஜ் ஏற்றப்பட்ட பேட்டரியாக இருந்தும் அது பாரம் தாங்கவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லை, அதற்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரில், பட்டறை வழக்கில் சொன்னால் டைனமோவில், அல்லது அதைச் சுழற்றும் பெல்ட்டின் தளர்வில் இருக்கிறது. டைனமோ கெட்ட வண்டியில் புது பேட்டரியைப் பொருத்தினால் அது இரண்டொரு நாள் ஓடிப் பிறகு பழையதைப் போலவே படுத்துவிடும்.

இந்த மூன்று எண்களும் சரியாக இருந்தும் எஞ்சின் மெதுவாகவே சுற்றினால், அடுத்துச் சந்தேகிக்கப்படுவது செல்ஃப், அதாவது எஞ்சினைச் சுழற்றித் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார். அதைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை என்றே சொல்லலாம். மின்சாரம் செல்லும் வழியில் எங்கேனும் துரு, தளர்வு, உப்புப் படிவு இருந்தால் அங்கே தடை உண்டாகிறது. அந்தத் தடை மின்னழுத்தத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் தடை, 100 ஆம்பியர் ஓட்டத்தில் ஒரு முழு வோல்ட்டைத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத துருப்படலம் ஒன்றே இந்தத் தடைக்குப் போதும். ஓட்டம் இல்லாதபோது அளந்தால் இந்த இழப்பு தெரியாது என்பதால்தான் ஒயரைத் தொட்டுப் பார்த்து ‘கரண்ட் வருது’ என்று சொல்வது ஏமாற்றத்தில் முடிகிறது.

சோதனை செய்யும் முறை இது: பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும், அதாவது அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் இன்றி நடுவில் உள்ள ஈயக் குமிழிலேயே, மறு முனையை எஞ்சினின் துருவில்லாத உலோகப் பகுதியிலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். 0.2 வோல்ட் அளவுக்குள் நின்றால் எர்த் எனப்படும் தரையிணைப்பு நலம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எஞ்சினையும் பாடியையும் பேட்டரியோடு சேர்க்கும் அந்தக் கறுப்புக் கம்பியின் முனையில்தான் பழுது. இதே முறையில் பேட்டரியின் நேர்மின் குமிழுக்கும் செல்ஃபின் தடித்த கம்பி மாட்டப்பட்டிருக்கும் திருகுக்கும் இடையே அளந்தால் மறுபக்கமும் தெரிந்துவிடும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் பூசினால் வேலை முடிந்தது. செல்ஃப் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட வண்டிகளில் எத்தனையோ இந்த உப்புத்தாளோடு பிழைத்திருக்கின்றன.

நாலைந்து நாள் நிறுத்தி வைத்தால் மட்டும் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. சாவி எடுக்கப்பட்டு அரைமணி நேரம் கழித்து அளந்தால் ஓட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்த்து, எதை எடுக்கும்போது எண் இறங்குகிறதோ அந்த இணைப்பைத் தேடிப் போகலாம். வெளிக்கடையில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், சென்ட்ரல் லாக், கூடுதல் விளக்கு ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். நன்றாகச் சுற்றியும் பற்றாத எஞ்சினுக்கோ, சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் பின்னிருக்கைக்கு அடியில் இரண்டு நொடி கேட்க வேண்டிய பெட்ரோல் பம்ப்பின் ரீங்காரம் கேட்கிறதா என்பதே முதல் கேள்வி. கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் தேட வேண்டும். ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பெட்டி. ஃபியூஸ் பெட்டியிலேயே அதே எண் பொறித்த வேறொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுடையது, இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் காசில்லாமல் விடை கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டு வெயிலில் பழைய காரைக் கொல்லும் நோய் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது சூடேறுதல்தான். எஞ்சினுக்குள் பிறக்கும் வெப்பத்தைக் கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டு ஆறி மீண்டும் உள்ளே போகிறது. இந்தச் சுற்றில் பங்குகொள்பவை தண்ணீரைத் தள்ளும் பம்ப், குறித்த வெப்பம் வரும்வரை வழியை மூடிவைத்திருக்கும் தெர்மோஸ்டாட், வண்டி நிற்கும்போதும் காற்றை இழுக்கும் மின்விசிறி, அழுத்தத்தைக் காக்கும் ரேடியேட்டர் மூடி ஆகியவை. மூடி வெறும் மூடிதானே என்று எண்ணுவோர் உண்டு. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண், அது தாங்கிப்பிடிக்கும் அழுத்தத்தைக் குறிக்கிறது; 0.9 அளவு அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்துவிட்டால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தும், நடுப்பகல் நெரிசலில் வண்டி கொதித்துவிடும்.

எப்போது சூடேறுகிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறி சுற்றவில்லை. ஃபியூஸ், ரிலே, வெப்பமறியும் சென்சார், விசிறி மோட்டார் ஆகியவற்றுள் ஒன்று. நகருக்குள் நன்றாக ஓடி நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கின்றன அல்லது பம்ப் போதிய அளவு தள்ளவில்லை. எங்கே ஓடினாலும் ஏறி, கூலண்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் கசிவைத் தேட வேண்டும். உட்குழாய் அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்: கூலண்டின் விலைக்கு அஞ்சி ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றி வந்த வண்டியில், வெந்நீர் அடுப்பில் வைத்த பாத்திரத்தில் படிவது போலவே ரேடியேட்டருக்குள்ளும் சுண்ணப் படிவு ஏறிவிடும். கூலண்டில் துருத்தடுப்பான் இருக்கிறது. அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடுதான் கலக்க வேண்டும்.

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றைக் கடிந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி சூடேறுகிறது என்று கொண்டுபோனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை’ என்று சொல்லி அனுப்புவது நெடுங்கால வழக்கம். அந்தச் சிறிய வால்வு 82 அல்லது 88 டிகிரியில் திறக்குமாறு செய்யப்பட்டது. அது இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்தை எட்ட நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பும் கணினி கூடுதலாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கிறது. மைலேஜ் குறைகிறது, ஆயில் கெடுகிறது. சூடேறியதற்கான மெய்யான காரணமோ அப்படியே இருந்து, மே மாதத்தில் மீண்டும் வெளிப்படுகிறது. தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் அதைக் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். கொதிக்கத் தொடங்குவதற்குள் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதியது வாங்க வேண்டும். விலையும் அதிகமில்லை.

எங்கும் கசிவு தெரியாமல் கூலண்ட் குறையும்போதுதான் அச்சத்துக்கு இடமுண்டு. எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் இடையே இருக்கும் தகடு ஹெட் கேஸ்கெட். அது எரிந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும். இதைக் கண்ணால் காணலாம். முழுதும் ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்தளவு நிரப்பி, எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலிருந்து பார்த்தால், முதலில் குழாய்களில் தங்கியிருந்த காற்று நான்கைந்து குமிழாக வந்து நின்றுவிடும். நிற்காமல், சாதம் கொதிப்பது போல, ஆனால் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, சீரான குமிழ்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது அந்த எரிந்த வாயு. கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல்லாக இறுகுவது, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு நிற்காத வெண்புகை, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போன்ற கசடு ஆகியவை துணைச் சான்றுகள். கசடு மட்டும் தனியாக இருந்தால் பதற வேண்டியதில்லை. அன்றாடம் இரண்டு கிலோமீட்டரே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும்.

சூடேறிய வண்டியை ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டுவதே அலுமினிய ஹெட் வளைவதற்குக் காரணம். பல சிறிய எஞ்சின்களில் ஹெட்டின் அடிப்பரப்பில் பொறுத்துக்கொள்ளப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர், அதாவது சாதாரண எழுதுதாளின் தடிமனில் பாதி. கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்துப் பரப்பைச் சோதிக்காமல் மூடினால், சில மாதத்தில் அதே பழுது திரும்பி வரும். சூடு ஏறியதும் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் வெளிவரும் ஆவி முகத்தை வேகவைக்கும்.

அடுத்தது ‘மிஸ்ஸிங்’. சிலிண்டர்களுள் ஒன்றில் எரிதல் சரியாக நிகழாமல் எஞ்சின் உதறுவதை மெக்கானிக்குகள் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். மூன்று சிலிண்டரில் ஒன்று தவறினால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏசி போட்ட நிலையில் மேம்பாலம் ஏற முடியாமல் வண்டி திணறும். ஓடும் எஞ்சினில், சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் ஒவ்வோர் இன்ஜெக்டரின் இணைப்பையும் சற்று நேரம் எடுத்துவிட்டுப் பார்த்தால், எதை எடுக்கும்போது உதறல் கூடவில்லையோ அதுவே ஏற்கெனவே செத்திருக்கும் சிலிண்டர். அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம்: இளம்பழுப்பு நலம், உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி, ஆயில் ஈரம் என்றால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பழுதும் கூடவே இடம்பெயர்ந்தால் குற்றம் பிளக்குடையது. பெயராவிட்டால் ஒயர், மின்சுருள், இன்ஜெக்டர், கடைசியாக எஞ்சினின் உள்நிலை.

2013 ஏப்ரல் முதல் இந்தியாவில் பதிவான கார்களில் ஓபிடி 2 எனப்படும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட இணைப்பில் ஸ்கேனரை மாட்டிக் கைபேசியில் பார்க்கலாம். செக் எஞ்சின் விளக்கு எரியும்போது அது தரும் குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்வது பெரும்பிழை. பி 0171 என்ற குறியீடு, எரிகலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. அதை அறிவித்தது ஆக்ஸிஜன் சென்சார் என்பதால் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுவது, தீ எரிவதைச் சொன்ன ஆளை வேலையைவிட்டு நிறுத்துவதற்குச் சமம். அதே ஸ்கேனரில் ‘ஃபியூல் டிரிம்’ என்ற எண் உண்டு. கணினி வழக்கத்தைவிட எத்தனை விழுக்காடு கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் விடுகிறது என்பதை அது காட்டும். கூட்டல் கழித்தல் 10க்குள் இருப்பது இயல்பு. வண்டி நின்று ஓடும்போது 20, 25 என்று கூடி, ஆக்ஸிலேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கொண்டுபோனால் இறங்கிவிட்டால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. மாறாக, பாரம் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. பதினைந்து ரூபாய்க் குழாய்த்துண்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்ச் சென்சாருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் எண்ணைப் படிப்பதில் இருக்கிறது.

பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலின் அளவு இப்போது 20 விழுக்காட்டை எட்டியிருக்கிறது. பத்து ஆண்டுக்கு முந்திய வண்டிகள் இந்த அளவை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், சில வகை ரப்பரை இளக்கும். ஆகவே பழைய வண்டியில் எரிபொருள் குழாய்களை விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் வாடை வரும் வண்டியை ஓட்டக் கூடாது.

புகையின் நிறம் பற்றி எல்லோரும் அறிவர். அது வரும் நேரத்தைப் பலர் கவனிப்பதில்லை. காலையில் கிளப்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்து மறைந்தால் வால்வுத் தண்டின் ரப்பர் சீல் காய்ந்திருக்கிறது. இது எஞ்சினை முழுவதும் பிரிக்காமல் சரிசெய்யத்தக்கது. ஏற்காடு போன்ற மலைச்சாலையில் காலை எடுத்துவிட்டு நெடுநேரம் இறங்கி, மீண்டும் மிதிக்கும்போது வந்தாலும் அதுவே. மிதிக்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் வளையம். உறுதிப்படுத்தக் கம்ப்ரஷன் மீட்டரால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, குறைவாக உள்ளதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு.

பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ எஞ்சின்களில் டைமிங் பெல்ட் என்னும் பற்கள் கொண்ட ரப்பர் வார், கீழே சுழலும் தண்டையும் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டையும் ஒத்திசைவில் வைத்திருக்கிறது. அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும் அமைப்புள்ள எஞ்சினாக இருந்தால் ஹெட் வேலையும் சேர்ந்துகொள்ளும். 2010இல் வந்த ஆல்ட்டோ கே10 முதலான பின்னாளைய எஞ்சின்கள் பலவற்றில் இதற்குப் பதிலாகச் சங்கிலி வந்துவிட்டது. பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று முந்தைய உரிமையாளரால் ரசீதோடு சொல்ல முடியாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையில் சோதிக்காமல் மாற்றச் சொல்லப்படும் பாகம் இது ஒன்றுதான்.

ஓடும் பகுதிகளின் பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அவை தம்மைத் தாமே அறிவித்துக்கொள்பவை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் ஆக்ஸிலின் வெளிமூட்டு தேய்ந்திருக்கிறது; அதன் ரப்பர் உறை கிழிந்தபோதே மாற்றியிருந்தால் மூட்டு பிழைத்திருக்கும். வேகத்தோடு கூடும் விமானம் போன்ற இரைச்சல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் சக்கர பேரிங். வேகத்தடையில் ‘கடகட’ என்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். மூன்றாம் கியரில் மேட்டில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு முன் கிளட்ச் கேபிளில் தளர்வு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விறைப்பாக இழுத்துக் கட்டிய கேபிளே நல்ல கிளட்ச்சையும் வழுக்கச் செய்யும்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தில் குறை இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஊசி துருப்பிடித்து இறுகி, அந்தச் சக்கரம் பிடிக்காமல் போயிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது: டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய நிலையிலோ 140 வரை இறங்கக்கூடும். கொடைக்கானல் இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது அது கொதித்து ஆவியானால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய இந்த ஆயில், பத்து ஆண்டாகியும் தேநீர் நிறத்தில் கிடப்பதைப் பழைய வண்டிகளில் சாதாரணமாகக் காணலாம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கமும் பார்க்கத்தக்கது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பரின் வயது அதுதான்.

எந்தப் பட்டறையாலும் முழுமையாகத் தீர்க்க முடியாத பழுது ஒன்று உண்டு: வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் மூழ்கிய கார்களுள் பல, கழுவிக் காயவைத்து மீண்டும் சந்தைக்கு வந்தன. கம்பிகளின் உறைக்குள் ஏறிய ஈரம் மாதக்கணக்கில் செம்பை அரித்து, இன்று ஹாரன், நாளை பவர் விண்டோ, மறுநாள் கணினி என்று தொடர்பில்லாத பழுதுகளை உண்டாக்கும். சீட் பெல்ட்டை முழுநீளமும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் நீர்மட்டத்தின் கறைக்கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் அடித்திருகில் துருவும், ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் மென்மணலும் இருக்கும். வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட பழைய காரைக் கண்டால் ஜன்னலை மூடி, வெயிலில் அரைமணி நிறுத்திவிட்டுத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது.

மற்ற வண்டிகளுக்குப் பழுதின் காரணம் தெரிந்த பின்னரே உதிரிப்பாகத்தின் பேச்சு வர வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் தொடர்பானவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை போன்றவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகள் போதும். வண்டியைப் பட்டறையில் விடும்போது அறிகுறியை மட்டும் சொல்ல வேண்டும்: எப்போது, எந்த வேகத்தில், குளிர்ந்திருக்கும்போதா சூடான பின்பா. ‘செல்ஃப் மாத்திடுங்க’ என்று முடிவையே சொல்லிக் கொடுத்தால் செல்ஃப் மாற்றப்படும், வண்டி கிளம்பும் என்பதற்கு உறுதியில்லை. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, அதில் எது தேய்ந்தது, எங்கே உடைந்தது என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லி, அதன் பிறகே பணத்தைக் கொடுங்கள்.